கடுதாசி நின்ற மாதம்

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி போலந்தில் தொடங்கியது. 3ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அன்றைக்கே வைஸ்ராய் லின்லித்கோ, இங்கே ஒரு தலைவரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்தது. பாடப்புத்தகம் இந்த வரிசையில்தான் போகும். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் "யுத்தம் ஆரம்பிச்சப்ப ஊரு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது செப்டம்பரும் வரவில்லை, போலந்தும் வரவில்லை. "யுத்தமா? ரங்கூன்ல குண்டு போட்டாகளே, அதத்தானே கேக்குறீக?" என்றார்கள். பர்மாவின் ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி.

அதை வயசான காலத்து மறதி என்று தள்ளியிருந்தால் எங்கள் வேலை அங்கேயே முடிந்திருக்கும். 2000களின் பிற்பகுதி அது. கிளை நூலகத்தில் சந்தித்துக்கொள்கிற நாலைந்து பேர் சேர்ந்து, போர்க்காலத்தில் ஊர் எப்படி இருந்தது என்று விசாரித்துச் சின்னதாக ஒரு புத்தகம் போடலாம் என்று இறங்கினோம். செட்டிநாட்டுச் சிற்றூர். பெயரைப் போடவில்லை, பேரேட்டைத் திறந்து காட்டிய வீட்டார் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். வேறு ஊரில் யாராவது இந்த வேலையில் இறங்கினால் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருஷ இடைவெளிக்கு ஊர்ப் பொருளாதாரமே காரணம். செட்டியார்களின் பெரிய வளவு வீடுகள் எல்லாம் பர்மா, மலேயா, சைகோன், இலங்கைப் பணத்தில் எழுந்தவை. "கொண்டு விக்கப் போனாக" என்று சொல்வார்களே, கடல் கடந்து போய் வட்டிக்குக் கடன் கொடுக்கிற அந்தத் தொழில். அங்கே கடையை நடத்த மூன்று வருஷச் சம்பளச் சீட்டில் ஏஜெண்ட் போவார், கூடவே உதவிக்கு அடுத்தாள், தொழில் பழகப் பெட்டியடிப் பையன், சமையலாள். 1930களின் மந்தத்தில் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகள் திருப்பிக் கட்ட முடியாமல் போக, நிலம் கைமாறியது. 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. ஐரோப்பாவில் சண்டை என்றால் அரிசி விலை ஏறும், கடன் வசூலாகும் என்ற கணக்குதான் 1939இல் முகப்புத் திண்ணைகளில் ஓடியிருக்கிறது. இதை ஒரு பெரியவர் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார். அவர் சொல்லும்போது பேரனை உள்ளே போகச் சொன்னார்.

அதனால் முதல் பாடம்: போரைப் பற்றிக் கேட்காதீர்கள். "போர்" என்றதும் ஆண்கள் பத்திரிகையில் படித்ததையும் சினிமாவில் பார்த்ததையும் கலந்து ஹிட்லர், சர்ச்சில் என்று பேச ஆரம்பிக்கிறார்கள். பெண்கள் "எனக்கென்ன தம்பி தெரியும்" என்று எழுந்துவிடுகிறார்கள். அடுப்பைப் பற்றிக் கேளுங்கள், விளக்கைப் பற்றிக் கேளுங்கள். "ராத்திரி எந்த விளக்குல ஆச்சி படிச்சீக?" என்று ஒரு ஆச்சியிடம் கேட்டேன். "மண்ணெண்ணெய் ஏது? அப்பத்தா முன்னாடி வச்சிருந்த குத்துவிளக்குதான். அதுல வாசிக்கக் கூடாதும்பாக, சாமி விளக்குன்னு. பொறவு சரி, யுத்தத்துக்கு எல்லாம் ஒண்ணுதான்னு விட்டுட்டாக" என்றார். மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது? பர்மாவிலிருந்து. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று 1942 மார்ச் 7இல் பிரிட்டிஷாரே தகர்த்தார்கள். மறுநாள் ரங்கூன் விழுந்தது. அந்தத் தகர்ப்பு எங்கள் ஊரில் ஒரு வீட்டின் பட்டாலையில் சாமி விளக்கில் பாடம் படித்த சிறுமியாக வந்து நிற்கிறது. "போர்" என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

ஐரோப்பியப் போர் ஊரை நேரடியாகத் தொட்ட ஒரே சந்தர்ப்பம் 1940 ஜூன். பிரான்ஸ் விழுந்த செய்தி வந்ததும் நாடு முழுக்க ஜனங்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் வாங்கிப் பதுக்கினார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்த்து வைப்பதை அரசு குற்றமாக்கியது. ஒரு ரூபாய்க்கு நோட்டு வந்தது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்த ரூபாயைப் பாதி வெள்ளியாக்கினார்கள். ஊரில் இதைப் பற்றிக் கேட்டால் தேதி சொல்லத் தெரியாது. "கெட்ட ரூபா வந்தப்ப" என்பார்கள். சந்தைக்காரர்கள் ரூபாயைத் திண்ணைக் கல்லில் தட்டிச் சத்தம் கேட்டு வாங்கினார்களாம். 1943இல் வந்த ஓட்டைக் காலணாவும் இப்படி ஒரு நல்ல அடையாளம். சம்பவத்தைச் சொல்லும்போது கையில் எந்தக் காசு இருந்தது என்று கேட்டால் வருஷம் தானாகப் பிடிபடும்.

தேதி பிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி. நாங்கள் ஒரு தாளை நீளமாக ஒட்டி, ஒரு பக்கம் ஆங்கிலத் தேதியும் இன்னொரு பக்கம் தமிழ் வருஷமும் மாதமும் எழுதி எப்போதும் கையில் வைத்திருந்தோம். 1939 ஏப்ரலிலிருந்து பிரமாதி, அடுத்தது விக்கிரம, 1941 ஏப்ரலிலிருந்து விஷு, 1942 ஏப்ரலிலிருந்து சித்திரபானு, பிறகு சுபானு, தாரண, பார்த்திப. ரங்கூன் குண்டு விஷு மார்கழி. சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15 விஷு மாசி. கொழும்பில் குண்டு விழுந்த ஏப்ரல் 5 பங்குனி. பெரியவர்கள் மார்கழி என்றால் மார்கழிதான், அதில் தப்பே வராது. கோலம், திருப்பாவை, பனி என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். வருஷத்தில்தான் வழுக்கும். அதற்கு "அப்ப எந்த கிளாசு?", "தம்பி பொறந்தாச்சா?", "பெரியகோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்க வேண்டும்.

இன்னொரு அருமையான அடையாளம் கடிகாரம். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை நாடு முழுக்க நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். "பள்ளிக்கூட மணி அடிக்கிறப்ப வெயிலே ஏறியிருக்காது" என்று ஒருவர் சொன்னால் அது இந்த மூன்று வருஷத்துக்குள்தான். அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும்போது ஒரு மணி கழிக்க வேண்டும் என்பது ஜோசியர்களுக்குத் தெரியும். வரலாற்றுப் பேராசிரியரைவிட எங்களுக்கு இந்த விஷயத்தில் உதவியவர் ஒரு ஜோசியர்தான்.

இனி பேரேடு. ஒரு வீட்டில் மூங்கில் தட்டுக் கூடையில் பழைய கணக்குப் புத்தகங்கள் கிடந்தன. நீளவாக்கில் தைத்தவை, ஓரம் கரையான் தின்றது. தமிழ் எண், வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴ என்ற குறிகள். இவற்றை எழுத்துக்கூட்டப் பழகாமல் உள்ளே போக முடியாது. பழகிய பிறகு விஷு வருஷப் பக்கங்களைப் புரட்டினோம். கார்த்திகை வரை ரங்கூன் தபால் செலவு மாதந்தோறும் ஒரே மாதிரி சில்லறை. கடையில் வந்த நடப்பு வட்டி விவரம் ஓரத்தில். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதாமாதம் கூடிக் குறிக்கிற வட்டி அது. மார்கழியில் தபால் செலவு இல்லை. தந்திச் செலவு, ஒன்றல்ல, அடுத்தடுத்து. தையிலும் தந்தி. மாசியில் தந்தி நின்று "ஜோசியருக்கு" என்று ஆரம்பிக்கிறது. பங்குனியில் ஜோசியரும் அர்ச்சனையும். வட்டி குறித்து வந்த ஓரம் வெறுமை. சித்திரபானு வைகாசியில் ஒரு பெரிய தொகை: "கல்கத்தா போக வர வழிச்செலவு". ஆடியில் "துணி", "வைத்தியருக்கு".

அந்த வீட்டுச் சின்னவர் பர்மாவில் புரோம் ஊர்க் கிளைக் கடையில் இருந்தவர். குண்டு விழுந்ததும் தகவல் அற்றுப்போய், கடைசியில் மலை தாண்டி நடந்து வந்து சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் இந்தக் கதையை அவர் நடந்த கதையாகவே சொல்வார்கள். வீட்டில் இருந்தவர்கள் அந்த ஏழெட்டு மாதம் என்ன செய்தார்கள் என்பதைப் பேரேடு சொன்னது. ஊரின் எதிர்வினை என்று எதையாவது தேடினால் அது கூட்டத் தீர்மானத்தில் இல்லை. தந்தி ஆபீசிலிருந்து ஜோசியர் வீட்டுக்கு மாறிய அந்தச் செலவுக் கணக்கில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே புத்தகத்தில் ஆவணியில் ஒற்றை வரி: "சமையலாள் வந்தவனுக்குக் கொடுத்தது ரூ.5". பெயர் இல்லை. ரங்கூன் ஏஜெண்ட் தை மாதமே கப்பலில் வந்துவிட்டார், அவருடைய கப்பல் சார்ஜு தனியாக இருக்கிறது. சமையலாள் வந்தது ஆவணியில், காலால். பர்மாவிலிருந்து அப்போது கிளம்பிய இந்தியர்கள் நாலு லட்சத்துக்கு மேல். கப்பலில் இடம் கிடைத்தது கொஞ்சம் பேருக்குத்தான். மற்றவர்கள் அரக்கான் மலை தாண்டிச் சிட்டகாங்குக்கோ, தமு வழியாக இம்பால், திமாப்பூருக்கோ நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அந்தச் சமையலாளின் குடும்பத்தைத் தேடிப் பிடித்தோம். ஊரைத் தாண்டி ஊருணிக்கு அப்பால் ஒரு குடியிருப்பு. அவர் மகள் சொன்னது: "எங்கய்யா பேசவே மாட்டாரு. ஆத்தங்கரைல மட்டும் உக்காரமாட்டாரு. தண்ணி குடிக்கப் போனவுக அப்பிடியே கிடந்தாகளாம்." காகிதம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. வளவு வீடுகளில் பேரேடு, படம், கடுதாசி, சென்சார் முத்திரை ஒட்டிய உறை எல்லாம் இருக்கும். அங்கேயே நின்றுவிட்டால் ஊர் முழுக்க ஏஜெண்டுகளாகத்தான் தெரியும். மலேயாத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்கள் விஷயம் இன்னும் மோசம். சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் இழுத்துப்போன தமிழர்களில் திரும்பாதவர்களுக்கு ஊரில் திதி கொடுக்கக்கூட நாள் தெரியாது. ஒரு குடும்பம் அமாவாசையில் கொடுக்கிறது. அதனால் நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பெரிய வீடு ஒன்றில் பேசினால், அந்த வீட்டுப் பேச்சில் பெயரில்லாமல் வந்தவர்களைத் தேடி அடுத்த பேச்சு. வண்டிக்காரர், சலவைக்காரர், கொத்தனார்.

கொத்தனார் ஒருவர் காட்டித் தந்ததை நாங்களாகக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். ஊரில் ஒரு வீட்டில் முகப்பும் முதல் கட்டும் பர்மாத் தேக்குத் தூண். இரண்டாம் கட்டுக்குப் போனால் உள்ளூர் வேம்பு. "கப்பல் நின்னுபோச்சு, மரம் வரல. வீட்டக் காத்துல விட முடியாதுல்ல" என்றார். மாடிக்குப் படி மட்டும் கட்டி மாடி கட்டாமல் விட்ட வீடு இன்னொன்று. ஊரைச் சுற்றி நடக்கும்போது இப்படி வேலை நின்ற இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்தந்த வீட்டில் அது எந்த வருஷம் என்று கேளுங்கள்.

1942 ஏப்ரலில் ஊர் வேறு மாதிரி ஆனது. கொழும்பில் குண்டு, மறுநாள் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு, அடுத்து சென்னைதான் என்று அரசே ஜனங்களைக் கிளம்பச் சொன்னது. சென்னையில் இருந்த உறவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து இறங்கினார்கள். பூட்டிக் கிடந்த வீடுகள் திறந்தன. கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் காப்பி கேட்டு அழுததையும், அவர்களுடைய கிராப்பைப் பார்க்க ஊர்ப் பையன்கள் வரிசை கட்டியதையும் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நகைகளைப் புதைத்ததை மட்டும் ஒருவரும் தன் வீட்டில் நடந்ததாகச் சொல்லவில்லை. எப்போதும் பக்கத்து வீட்டில்தான்.

வதந்திகளும் நிறைய. ராமேஸ்வரத்தில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்பது அதில் ஒன்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டோம், வதந்தி என்று தலைப்பில் தெளிவாகப் போட்டு. ராமேஸ்வரத்தில் இறங்கியதாக நம்பிய ஊர், மறுநாள் காலை என்ன செய்தது என்பது நடந்த விஷயம்தானே. இரண்டு வீடுகள் திருப்பத்தூர்ப் பக்கம் வண்டி கட்டிக் கிளம்பி, மதியம் வெயிலில் திரும்பி வந்திருக்கின்றன.

கலந்துபோகிற கதைகளில் இரண்டு எல்லா ஊரிலும் வரும், தயாராக இருங்கள். ஒன்று, சென்னையில் குண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது முதல் போர். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பான் விமானம் துறைமுகப் பக்கம் குண்டு போட்டது இரண்டாம் போர். தாத்தா சொன்ன முதலாவதையும் தான் கேட்ட இரண்டாவதையும் பேரன் ஒன்றாக்கிவிடுவார். எண்ணெய் எரிந்த வெளிச்சம் வந்தால் 1914, ஏரோப்பிளேன் வந்தால் 1943, ரயில் நெரிசல் வந்தால் 1942.

மற்றது பர்மாவிலிருந்து திரும்பியது. 1942இல் ஒரு தடவை. பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கி, 50, 100 சியாட் நோட்டுகளைச் செல்லாததாக்கிய 1964ஐ ஒட்டி இன்னொரு தடவை. ஒரே குடும்பத்தில் அப்பா முதல் தடவை நடந்து வந்து, சண்டை முடிந்து திரும்பிப் போய், இரண்டாம் தடவை மகனோடு கப்பலில் வந்திருப்பார். "துறைமுகத்துல தோட்டைக் கழட்டிக்கிட்டான்" என்றால் 1964. இம்பால், காலரா, யானைத் தடம் என்றால் 1942. எது எது என்று சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. கதையை முழுக்கச் சொல்லவிட்டு, வேறொரு நாள் போய் வழியில் பார்த்த ஊர்ப் பெயர்களை மட்டும் கேட்டால் தானே பிரிந்துவிடும்.

கூட்டமாக உட்கார வைத்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோயில் மண்டபத்தில் பெரியவர்களை ஒன்றாகக் கூட்டினால் குரல் பெருத்தவர் சொன்னதே எல்லோருக்கும் ஞாபகமாகிவிடுகிறது. அடுத்த வாரம் தனியாகப் போனாலும் அதையே சொல்வார்கள். குறிப்பாக 1942 ஆகஸ்ட் 'வெள்ளையனே வெளியேறு' போராட்ட விஷயத்தில். திருவாடானையில் சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை ஜனங்கள் விடுவித்தது, தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, பிறகு போலீஸ் வந்தது எல்லாம் எங்கள் பக்கத்தில் நடந்தவை. மண்டபத்தில் கேட்டால் ஊரே அங்கே இருந்ததாகத் தோன்றும். தனியாகக் கேட்டால், கதவைச் சாத்திக்கொண்டு பரணில் படுத்துக்கிடந்ததாக ஒருவர் சொன்னார். அவரைத்தான் நான் நம்புகிறேன். இந்திய தேசிய ராணுவம் பற்றியும் இப்படியே. மலேயாவில் அதில் சேர்ந்தவர்களைப் பற்றி இன்று பெருமையாகப் பேசுகிற வீட்டில், அன்று அந்தப் படத்தை அரிசிக் குதிருக்குள் வைத்திருந்தார்கள். இரண்டையும் எழுத வேண்டும்.

காகிதத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மாகாண அரசு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை டெல்லிக்கு அனுப்பிய ரகசிய அறிக்கைகளில் விலைவாசி, வதந்தி, ஜனங்களின் மனநிலை எல்லாம் மாவட்ட வாரியாக வரும். பத்திரிகையில் தணிக்கையால் விட்டுப்போனது அங்கே கிடைக்கும். பத்திரிகைகளுக்கும் பழைய அழைப்பிதழ், நோட்டீசுகளுக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகம். அதைத் தொடங்கிய சேகரிப்பே நம் கோட்டையூரிலிருந்து போனதுதான். ராணுவத்தில் இறந்தவர் யாராவது இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் இருக்கின்றன. முதல் போருக்கு, "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள்" என்று பதித்த கல் பல ஊர்களில் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒன்று வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்தே மூடிக் கிடந்தது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். கம்பி பிரஷ்ஷை எடுத்துவிடாதீர்கள்.

பேரேட்டையோ கடுதாசியையோ வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கேட்கவே கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், அங்கேயே படம் எடுங்கள். உறையின் பின்பக்கத்தையும் எடுங்கள். முத்திரைத் தேதி அங்கேதான் இருக்கும். அச்சுக்குப் போகும் முன் அவரவர் சொன்னதை அவரவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆச்சி ஒருவர் தன் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, அரிசி இல்லாத நாளில் கேப்பைக் கூழ் குடித்தது இருக்கட்டும், அதைக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்ததை எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டோம். அவர் காலமான பிறகு அவர் மகளே அதைச் சேர்க்கச் சொன்னார். இரண்டாம் பதிப்பில் சேர்த்தோம், பெயர் இல்லாமல். பர்மா நிலத்தின் பத்திர எண்களைப் போட வேண்டாம் என்று இரண்டு குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன. 1948இல் அங்கே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் அந்தப் பத்திரங்கள் இன்னும் அவர்கள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன, எண்களை நாங்கள் போடவில்லை.